சித்தியின் ஸ்லைடில் ஒட்டியிருந்த துண்டு

டாக்டரம்மா அந்தக் கண்ணாடி ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இளஞ்சிவப்பாய்ப் படர்ந்திருந்த சதையிலிருந்து விலகி, ஓரமாக, கடுகளவுக்குக் கருநீலத்தில் ஒரு துண்டு. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அது புற்றுநோய் என்றார். அந்த ஸ்லைடு, சுள்ளிக்கலில் குடியிருந்த என் சித்தியுடையது.

மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன லேபில், சீவியெடுத்த திசுக்களுக்குச் சாயமேற்றுவது என் வேலை. எங்கள் டாக்டரம்மா யாரையும் நம்பமாட்டார். சாயத்தை வடிகட்டினோம் என்றால், வடிதாள் எங்கே என்று கேட்பார். நாளடைவில் அந்தச் சந்தேகப் புத்தி எங்களுக்கும் வந்துவிட்டது. அன்று வடிகட்டும் முறை, நாங்கள் சேச்சி என்று கூப்பிடும் மூத்தவருடையது. குப்பைக்கூடையைப் பார்த்தேன், வடிதாள் இல்லை. நான் பார்ப்பதைச் சேச்சியும் பார்த்துவிட்டார்.

வடிகட்டாத சாயத்தில் ஒருவர் திசுவிலிருந்து உதிர்ந்த துணுக்கு மிதந்துகொண்டிருந்து, இன்னொருவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்வது உண்டு.

"டாக்டர், அது சித்தியோடது இல்ல. சாயத்துல மிதந்து வந்து ஒட்டியிருக்கு" என்றேன்.

என்னிடம் மட்டும் அவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "உன் ஆளுன்னா உடனே கண்ணு தெளிஞ்சு, அல்லே? நீ ஒண்ணையும் தொட வேண்டா. வெளியே நில்லு."

சித்தியின் திசுவை, அது பதிந்திருந்த மெழுகுக் கட்டியிலிருந்து மறுபடி சீவிச் சாயமேற்றும்படி சேச்சியிடம் சொன்னார். துண்டு சித்தியுடையதாகவே இருந்துவிட்டால் வடிகட்டாத பழியிலிருந்து தப்பிப்பது சேச்சிதானே? கதவுக் கண்ணாடி வழியாக அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நகரவில்லை. தொட்டியைக் கழுவி, புதுச் சாயத்தை வடிகட்டி ஊற்றினார் சேச்சி. நடுவில் தலை குனிந்து டாக்டரம்மாவிடம் ஏதோ சொன்னார். பிறகு வெளியே வந்தார்.

"மோளே, காலைல ஞான் வடிகட்டல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

புது ஸ்லைடில் அந்தத் துண்டு இல்லை. அன்று சாயமேற்றிய அத்தனையையும் மறுபடி செய்யவைத்தார் டாக்டரம்மா. அதே கருநீலம் வேறொரு பெண்ணின் திசுவில் இருந்ததால், துண்டு அவளுடையது என்று தெரிந்தது. அவளுக்கு நோய் இருப்பது உண்மைதான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் முகம் மட்டும் இளகவில்லை.

"இது வேற யாரோடெயோ சித்தின்னா, நீ அந்தத் துண்டு மேல சந்தேகப்பட்டிருப்பியோ?"

"பட்டிருப்பேன், டாக்டர்."

அவர் நம்பவில்லை. சொன்ன எனக்கும் அது நிச்சயமில்லை.

இப்போது களமசேரியில் வேலை, சாயமேற்றுவது இயந்திரம். முடிந்து வரும் ஒவ்வொரு ஸ்லைடையும், அது யாருடையது என்று எழுதியிருக்கும் ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் முதலில் பார்க்கிறேன்.