கங்காணி ஊற்றிய கிளாஸ்

இலங்கையில் ஹுன்னஸ்கிரிய கோப்பித் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் நான் சமையல்காரனாக இருந்தபோது பார்த்த கங்காணி அவர்; இந்தியாவிலிருந்து கூலியாட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குபவர். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, ஒரு காதில் மட்டும் கடுக்கன். தண்ணீரோ சாராயமோ, எதைக் குடித்தாலும் முதல் சொட்டைத் தரையில் விடுவார். அவர் கூட்டிவந்த ஆட்களில், மன்னாரில் இறங்கி நடந்த காட்டுவழியில் காய்ச்சல் கண்டு செத்தவர்களுக்காம்.

துரைக்கு ஐம்பது வயது நிறைந்த அன்று, அவர் பிறந்தபோது தகப்பன் வாங்கிவைத்த வைன் போத்தலைத் திறந்தார். காடு வெட்டிய நாள்முதல் கூட இருந்தவர் என்று கங்காணியை விறாந்தைக்கு அழைத்து, தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.

கங்காணி கிளாஸை அப்படியே தரையில் கவிழ்த்தார். துரையின் முகம் கோப்பிப் பழமாய்ச் சிவந்தது.

"என்ன கங்காணி இது?"

"ஒங்களுக்கு அம்பது வயசு தொர. நான் வழியில பறிகொடுத்த புள்ளைங்களுக்கு இருவது கூட ஆகல. இன்னிக்கு ஒரு சொட்டு பத்துமா?"

கங்காணி வெறும் கிளாஸை நீட்டினார்.

"இப்ப எனக்கு ஊத்துங்க."

துரை ஊற்றினார். போத்தல் கிளாஸில் பட்டுப்பட்டு நடுங்கியது. கங்காணி நீட்டிய கை அசையவேயில்லை. அவர்களையெல்லாம் கூட்டிவந்ததும் அதே கைதானே என்று இன்றைக்கும் திகைக்கிறேன்.