கையிருப்பு: நிறைவு

பிரஸ் மெஷின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் என் மேஜை லேசாகக் குலுங்கும். மூக்கு முழுக்க எண்ணெய் நெடி... எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் சைக்கிள் மட்கார்டு செய்யும் ஒரு சின்னப் பட்டறை. நான் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து போவேன். ஆபீஸ் என்றால் அங்கே நான் ஒருத்திதான்.

அப்போதெல்லாம் இரும்புத் தகட்டை நினைத்தபடி கடையில் வாங்கிவிட முடியாது. சர்க்கார் கோட்டா. விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தத் தடவை விண்ணப்பப் பாரம் புதிதாகத் தமிழில் அச்சாகி வந்திருந்தது. அதில் "கையிருப்பு" என்று ஒரு கட்டம். குடோனில் தகடு சுத்தமாகத் தீர்ந்திருந்தது. "இல்லை" என்று எழுதப் போனேன்.

முதலாளி முனுசாமி பதறிவிட்டார். பயிர் வைத்த குடும்பம். நிலத்தை விற்று மெஷின் போட்டவர்.

"இன்னாம்மா எய்துற? தொழில் நடக்கிற எடத்துல இல்லன்னு எய்தலாமா? எங்க ஊட்ல அரிசி தீந்தாகூட நெறைஞ்சி கீதுன்னுதான் சொல்லுவோம். நெறைவுன்னு போடு."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் இது சர்க்கார் பாரம் ஆயிற்றே என்று மனசு உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, வாயைத் திறக்கப் பயம். குண்டு குண்டாக "நிறைவு" என்று எழுதிக் கொடுத்தேன்.

பக்கத்துப் பட்டறையில் கொஞ்சம் தகடு கைமாற்றாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். அதுவும் இரண்டு நாளைக்குத்தான் வரும் என்ற நிலையில் பதில் வந்தது. கையிருப்பு நிறைவாக உள்ளபடியால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறதாம். ஆட்சேபம் இருந்தால் நேரில் வர வேண்டுமாம். கடைசி நாளைப் பார்த்தேன். அன்றைக்கேதான்.

மெஷின் நின்றால் பதினான்கு பேர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். ரயில் பிடித்து, பஸ் மாறி, ஓட்டமும் நடையுமாக முதலாளியும் நானும் பட்டணத்துக் கோட்டா ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். ஜன்னல் முன்னால் நீள வரிசை. ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். எங்கள் முறை வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிஷம்.

கிளார்க் பாரத்தைப் புரட்டினார். "நிறைவுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு கோட்டா?"

"அது வந்து... நெறைஞ்சிதான் கீது சார்," என்றார் முதலாளி. "ஆனா தகடு வோணும்."

"இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

முதலாளிக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. உதடு அசைகிறது, அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. கிளார்க் கை ஜன்னல் கதவுக்குப் போனது.

"இல்ல சார். ஒரு தகடுகூட இல்ல."

சொன்னது நான்தான்...

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கிளார்க் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "எங்க ஊட்லயும் உப்புக்கு இப்டிதாம்மா சொல்லுவாங்க. பைலுக்கு அதெல்லாம் தெரியாது. அவரையே திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு."

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். பிறகு "நிறைவு" என்பதை அடித்துவிட்டு "இல்லை" என்று எழுதினார். ஒப்புதல் முத்திரை விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும்போது ரயிலில் முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். அம்பத்தூரில் இறங்கும்போதுதான் சொன்னார்.

"இனிமே பாரத்த நீயே எய்துமா. என்னாண்ட கேக்காத."

அடுத்த நாளே தகடு வந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

இப்போது என் மகன் லேத் பட்டறை நடத்துகிறான். சர்க்கார் உதவிக்கு விண்ணப்பம், விளக்கம், எல்லாம் போனிலேயே. போன மாதம் போட்டது தள்ளுபடி ஆகிவிட்டது. காரணம் ஒரே வரி, அதுவும் புரியவில்லை. பாவம், தூக்கமில்லாமல் அலைகிறான்.

"நேர்ல போய் எடுத்துச் சொல்லுடா," என்றேன்.

"யார்கிட்டம்மா?" என்றான்.

அவன் நீட்டிய போனில் அந்த ஒரே வரிதான் இருந்தது.