கரி மூட்டைக்குக் கிடைச்ச மரியாதை

இன்னைக்குப் பண்ருட்டி பஸ்ல நடந்ததைக் கேளுங்க.

மடியில என் எட்டு மாசக் குழந்தை. இளைப்பு ஜாஸ்தியாகி டாக்டர்கிட்ட தூக்கிக்கினு போறேன். நிலக்கரிச் சுரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சு ஊருக்குத் திரும்புற ஆளுங்க பஸ் முழுக்கப் பீடி ஊதிக்கினு வராங்க.

"குழந்தைக்கு மூச்சு திணறுது, கொஞ்சம் அணைச்சிடுங்கண்ணே"ன்னு கெஞ்சினேன்.

"ஜன்னல் தொறந்துதானம்மா இருக்கு"ன்னார் பக்கத்து சீட்டுக்காரர்.

கண்டக்டர்கிட்ட சொன்னேன். "நான் யாரைம்மா தடுக்கறது?"ன்னு சிரிக்கிறார்!

முத்தாண்டிக்குப்பத்துல ஒருத்தர் மூட்டையோட ஏறினார்.

"என்னாய்யா அது?"ன்னார் கண்டக்டர்.

"அடுப்புக்கு நிலக்கரிங்க."

அவ்வளவுதான். "யோவ், எல்லாரும் பீடியை அணைங்கய்யா! கரி பத்திக்கும்!"னு அதே கண்டக்டர் கத்தினார்.

காஞ்ச கரி எப்படிப் பிடிச்சிக்கும்னு சுரங்கத்து ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும்? அத்தனை பீடியும் ஒரே நொடியில காலடியில நசுங்கிப் போச்சு. பண்ருட்டி வரைக்கும் ஒருத்தர்கூட நெருப்புக்குச்சி உரசலை.



வெள்ளிக்கிழமை மறுபடியும் டாக்டர்கிட்ட போகணும். யார் வூட்லயாவது ஒரு பை கரி இருந்தா குடுத்து உதவுங்க. குழந்தையோட அதையும் மடியில வெச்சுக்கறேன்.