ஓடையோரத்துப் புதினா

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போகிறவள் நான். ஒருநாள் அங்கே ஓடையோரம் கொழுத்துக் கிடந்த புதினாவை முந்தானை நிறையப் பறித்து வந்தேன். சீனிப்பாகு கொதித்ததும் அடுப்பை அணைத்து, தழையைப் போட்டு மூடினேன். வீட்டுக்குள் சாரல் வந்து உட்கார்ந்தது போல வாசம். வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, தண்ணீர் கலந்து மகளிடம் நீட்டினேன்.

அடுத்த வீட்டுக் கொழுந்தன் அதே தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவன். சுவர்த் தகராறில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. அன்று எட்டிப் பார்த்தான்.

"என்ன, சர்பத்துக் கடையா? புதினா எங்க புடுங்குனது?"

"ஓடையில. ஒன் வீட்டுலயா திருடுனேன்?"

"அடக் கூறுகெட்ட மதினி! அங்கதான மருந்து டிரம்மக் கழுவி ஊத்துறோம்!"

சுவரேறிக் குதித்து, மகள் வாயருகே கொண்டுபோன டம்ளரைத் தட்டிவிட்டான். மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"கழுவுற எடத்துல ஒரு போர்டு வச்சா கொறஞ்சா போவீக?"

"ஒங்கள யாரு அங்க மேயச் சொன்னா?"

இப்போது தோட்டத்தில் எந்தத் தழையைக் கிள்ளும் முன்னும், பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம்தான் கேட்கிறேன். முகம் பாராமலே, "வேணாம்" என்பான். அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவேன். நன்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.