மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தவள்

இந்த ஊரில் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. இலங்கையில் பதுளைப் பக்கத்து மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது பழக ஒரு வருஷம் ஆயிற்று. எங்கள் தோட்டத்தில் யாராவது பந்தை ஓங்கி அடித்தால் அன்றைய ஆட்டம் அநேகமாக முடிந்த மாதிரிதான். அது லயத்துக் குடியிருப்பின் படிகளில் குதித்து, தேயிலைக்குள் நுழைந்து, ஓடை வரைக்கும் போய்விடும். தேடப் போனவன் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். இங்கே உத்திரமேரூரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை தட்டையாகக் கிடக்கிறது. வயல், ஏரி, பனைமரம், அதற்கு அப்பால் மறுபடியும் வயல். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் நின்றபோது எனக்குப் பயம்தான் வந்தது. ஒதுங்கி நிற்க ஒரு மேடு பள்ளம் இல்லை. யார் எங்கே நின்றாலும் எல்லோர் கண்ணிலும் படும்.

கப்பலேறி வந்த நம் ஆட்களுக்கு என் கதையை விளக்க வேண்டியதில்லை. அங்கேயே தங்கிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் குடியுரிமைக் காகிதங்கள் இரண்டாகப் பிரிந்து வந்தன. அம்மாவுக்கும் எனக்கும் இந்தியா என்று எழுதியிருந்தது. அண்ணனுக்கு இலங்கை. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு, மெட்ராஸில் உடற்கல்விப் பயிற்சி முடித்து, தாயகம் திரும்பியோருக்கான முன்னுரிமையில் இங்கே ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். தற்காலிக நியமனம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு ஆர்டர் வரவேண்டும். முதல் வாரம் தலைமையாசிரியையிடம் போய், "உங்களோட கொஞ்சம் கதைக்கணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கதையெல்லாம் சாப்பாட்டு நேரத்துல வெச்சுக்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து மரகதம் என்ற என் பெயர் போய் சிலோன் டீச்சர் ஆனேன்.

இரண்டாம் வருஷம் ஜூன் மாதத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே இரண்டு மட்டை, நான்கு தோல் கையுறை, மூன்று பந்து, ஒரு விதிப்புத்தகம். சாப்ட்பால் என்றார்கள். அந்த ஆட்டத்தை அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் அது பாதி தெரிந்தது மாதிரி இருந்தது. சிங்களப் புத்தாண்டுக்குத் தோட்டத்தை அடுத்த கிராமங்களில் 'எல்லே' ஆடுவார்கள். அதிலும் ஒருத்தன் பந்து போட, இன்னொருத்தன் கட்டையால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடவேண்டும். நான் அதைச் சொன்னதும் தலைமையாசிரியை டீம் போடச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு இதையும் சொன்னார்: "எதாவது ஒண்ணு ஆச்சுன்னா கையெழுத்து உன்னுது, மரகதம். நீ டெம்பரவரி. ஞாபகம் வெச்சுக்கோ." நான் அதை மறக்கவே இல்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஞாபகம்தான் காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்பது பெண்கள்தான் தேறினார்கள். மற்ற வீடுகளில் விடவில்லை. தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, நான்கு கையுறையை ஒன்பது பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். அடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவளுக்கு கேட்சர் என்று பெயர். அவள் முகத்துக்கு ஒரு கம்பிக்கூடு போட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் படம் இருந்தது. எங்கள் பெட்டியில் அது இல்லை. கேட்டதற்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கூடு இல்லாவிட்டால் தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் பந்து தரையில் குதித்து வரும். அதற்குள் எதிர் அணிக்காரி அடுத்த இடத்துக்கு ஓடிவிடுவாள். ஆடி மாதம் முதல் ஆட்டத்தில் அப்படித்தான் தோற்றோம். அதனால் அடுத்த வாரமே கேட்சரைக் கிட்டே உட்கார வைத்தேன். அப்போது கேட்சர் சாந்தி. திருப்புலிவனத்தில் கிணறும் பம்புசெட்டும் உள்ள வீட்டுப் பெண். மூன்றாம் நாள் பந்து பட்டு அவள் உதடு கிழிந்தது. மறுநாள் காலை அவள் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பொண்ணு வெளையாட வாணான்னு நான் சொல்லல, டீச்சர். அந்தக் கட்டைக்குப் பின்னால மட்டும் குந்த வெக்காத. நாளைக்கு மூஞ்சில தழும்பு கீதுன்னா எவன் கட்டிக்குவான்? வேற யாரையாவது குந்த வெச்சுக்கோ."

வேறு யாரையாவது. நான் யோசிக்கவே இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது எண்ணிப்பார்த்தால், எட்டு பெண்களின் அப்பாக்களையும் ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வசந்தாவைக் கூப்பிட்டிருக்கிறேன். வசந்தா ஏரிக்கரையோரத்து இருளர் குடிசைகளிலிருந்து வந்தவள். அங்கிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வந்த ஒரே பெண். அவள் அப்பா ஏழுமலை கூலி வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூட வாசலுக்கே வந்ததில்லை. வசந்தா கேட்சருக்கென்றே பிறந்தவள் மாதிரி இருந்தாள். லீவு நாளில் வயலில் கவண் சுற்றிக் கிளி விரட்டிக் கூலி வாங்குகிறவள். அந்தக் கையிலிருந்து போகும் பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போய் விழும். அடுத்த மூன்று ஆட்டமும் ஜெயித்தோம். பெரிய போட்டிக்குக் காஞ்சிபுரத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு மாலைப் பயிற்சியில், மட்டையின் ஓரத்தில் உரசிய பந்து திசை மாறி வசந்தாவின் இடது கண்ணில் மோதியது. சத்தம் சின்னதுதான். அவள் அப்படியே பின்னால் உட்கார்ந்தாள். நான் ஓடிப் போவதற்குள் எழுந்து நின்று சிரித்தாள்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். கொசு கடிச்சா மாதிரிதான் கீது."

ஈரத்துணி வைத்தோம். கண் வீங்கி, மூன்று நாளில் வற்றியது. யாரிடமும் நான் சொல்லவில்லை. நீட்டிப்பு ஆர்டருக்கு என் பெயர் போயிருந்த சமயம். நான்காம் நாள் பயிற்சி முடிந்து பந்துகளை எடுத்துக் கொடுக்கும்போது வசந்தா, "இந்தப் பக்கம் பேஜாரா கீது டீச்சர்" என்றாள். பேஜார் என்ற சொல்லை இந்த ஊருக்கு வந்துதான் கேட்டேன். பஸ் வராவிட்டால் பேஜார், வெயில் அடித்தால் பேஜார். அலுப்பைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "சரி, வீட்டுக்குப் போய்ப் படு" என்றேன். சொல் புரியவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த நாள் அவள் பந்தைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். கோழி தீனியைப் பார்ப்பது மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கண்ணால் மட்டும் பார்த்துப் பிடித்தாள். அன்றிரவும் அதற்கடுத்த இரவுகளும் தூக்கம் வரவில்லை. என் பயம் முழுவதும் அவள் கண்ணைப் பற்றியது என்று இங்கே எழுதினால் அது பொய்.

காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிய காலையில், பஸ் நிற்கும் இடத்தில் அவளைத் தனியே அழைத்து வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். மூன்று விரலைக் காட்டினேன்.

"மூணு," என்றாள் உடனே.

கண்ணைப் பொத்திய அவள் விரல்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். "சரி, ஏறு" என்றேன்.

அங்கே ஆட்டம் நடத்துகிறவர்கள் இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரு கம்பிக்கூடு வைத்திருந்தார்கள். அதை வாங்கி நானே அவள் முகத்தில் கட்டிவிட்டேன். எதிரே பெரிய பள்ளி. வெள்ளை உடுப்பும் ஆளுக்கொரு கையுறையுமாக நின்றார்கள். அப்படியும் எங்கள் பிள்ளைகள் மூன்று ரன் முன்னால் இருந்தார்கள். நான்காவது சுற்றில் எதிர் அணிப் பெண் ஒருத்தி மூன்றாவது பேஸிலிருந்து வசந்தா காக்கும் கடைசி இடத்தை நோக்கி, அவளுடைய இடப்பக்கமாக, முழு வேகத்தில் ஓடி வந்தாள். எல்லோரும் கத்துகிறார்கள். வசந்தா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தவள் மோதாமல் கடைசி நொடியில் விலகி ஓடி ஒரு ரன் எடுத்துவிட்டாள். வசந்தா திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் அவள் முகம் 'எங்கே, எங்கே' என்று கேட்டது. நான் மைதானத்துக்குள் நடந்து போய், இனி வசந்தா ஆடமாட்டாள் என்று கையைத் தூக்கினேன்.

நடுவர், "பத்தாவது ஆள் இருக்காம்மா? எட்டுப் பேரா ஆட முடியாது. விட்டுக் கொடுக்கறீங்களா?" என்றார்.

"விட்டுக் கொடுக்கிறேன்."

"ரெண்டு ரன்னு முன்னால கீறோம், டீச்சர்," என்று சாந்தி அழுதாள்.

கூட்டைக் கழற்றிவிட்டு வசந்தாவிடம் கேட்டேன். "எத்தனை நாளா தெரியல?"

"அன்னிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே டீச்சர். பேஜாரா கீதுன்னு சொன்னேனே."

மற்ற பிள்ளைகளை எங்களோடு வந்திருந்த தையல் டீச்சரோடு ஊருக்கு அனுப்பிவிட்டு அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எத்தனை நாளாச்சு?" என்றார். பதினொன்று என்றேன். கண்ணுக்குள்ளே விழித்திரை விலகியிருக்கிறது, இப்போதே மெட்ராஸுக்குக் கிளம்புங்கள் என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மெட்ராஸில் ஆபரேஷன் செய்தார்கள். அவள் அம்மா மறுநாள் வந்து சேர்ந்ததும் நான் ஊருக்குத் திரும்பினேன். இடது கண்ணில் வெளிச்சமும் அசைவும் மட்டும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் வாசலில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஏழுமலை ஆட்களோடு வருவார் என்று நினைத்தேன். போலீஸ் வரும் என்று நினைத்தேன். அம்மா ஒருநாள், "பொட்டியக் கட்டவா?" என்றாள்.

"கட்டிட்டு எங்கம்மா போறது?"

அங்கிருந்து இங்கே போ என்றார்கள். இங்கிருந்து போ என்றால் அதற்கு ஊர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலை வந்தார், தனியாக. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியேறாமல் தெருவிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பொண்ணாலதான் ஆட்டம் பூட்ச்சின்னு பேசிக்கிறாங்க. ஸ்கூல்ல பேரை எடுத்துடுவாங்களா?"

என் அப்பா நின்றது நினைவுக்கு வந்தது. தேயிலை அரைக்கிற இயந்திரத்தில் அவருக்கு இரண்டு விரல் போயிற்று. காயம் ஆறுவதற்கு முன்பே ஆபீஸ் வாசலில் போய், தோட்டத்துத் துரை வரும்வரை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கவனக்குறைவாக அதில் கையை விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேரை வெட்டிவிடக்கூடாதே என்ற பயம். என்னையும் கூட்டிப்போயிருந்தார். பிள்ளையைப் பார்த்தால் துரைக்கு மனம் இளகும் என்று நினைத்தாரோ என்னவோ. ஏழுமலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் படியில் நிற்க முடியவில்லை. இறங்கித் தெருவுக்கு வந்தேன்.

"பேரை எடுக்க மாட்டாங்க. தப்பு அவளோடது இல்ல, என்னோடது. சாந்தியோட அப்பா வேணாம்னு சொன்ன இடத்துல நான்தான் அவளை உக்கார வெச்சேன். அவளுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சேவா, டீச்சரம்மா?"

"தெரிஞ்சேதான்."

பிறகு கக்கத்திலிருந்த துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். "யாராவது கேட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். ஐந்து மாதம் ஆர்டர் வரவில்லை. வந்தபோது, வகுப்பு மட்டும் எடுக்கலாம், குழு விளையாட்டுகள் வேண்டாம் என்றிருந்தது. சாப்ட்பால் பெட்டியை எங்கோ அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிறது. இன்றும் தபால்காரர் பள்ளி வாசலில் இறங்கினால் வகுப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்க்கிறேன். அண்ணன் பதுளையிலிருந்து எழுதுகிறான்: 'நம்ம ஆளுகளோட இருக்கீங்க. அங்க உங்களுக்குப் பயம் ஒன்னும் இல்லதானே?' அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

வசந்தா பத்தாம் வகுப்பு தேறினாள். சில மாதத்துக்கொருமுறை மெட்ராஸுக்குப் போய்க் கண்ணைக் காட்டி வரவேண்டும். அவள் அம்மாவுக்குக் கூலி போகும் என்பதால் நான் கூட்டிப்போகிறேன். ஏழுமலை அதைத் தடுக்கவில்லை. ஆனால் குடிசைப் பக்கம் நான் வரவேண்டாம் என்று மகளிடம் சொல்லியனுப்பினார். அதனால் அந்த நாட்களில் விடிந்ததும் ஏரிக்கரையில் நடந்து, பாதி வழியில் மதகு வரைக்கும் போய் நின்றுகொள்கிறேன். வயலுக்குப் போகிறவர்கள் என்னைக் கடந்து போவார்கள். "இன்னா சிலோன் டீச்சர், போறீங்களா வர்றீங்களா?" என்று கேட்பார்கள். இங்கே அது வெறும் விசாரிப்பு. பதில் எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "நிக்கிறேன்" என்கிறேன். கொஞ்ச நேரத்தில் கரையின் வளைவில் வசந்தா தெரிவாள். ஒரு கணம் நின்று, முகத்தை முழுதாகத் திருப்பி, மதகில் நான் இருக்கிறேனா என்று வலது கண்ணால் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் நடக்கத் தொடங்குவாள்.