ராணியின் தலையில் ஒரு விரல்

நேற்று மத்தியானம் மறுபடியும் ராணியைப் பறிகொடுத்தேன். கைபேசியில்தான். எதிரே யாரென்று தெரியாத ஓர் ஆள். பெயரென்று ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்து போட்டிருந்தது. எனக்கு நல்ல நிலை. ராணியை நகர்த்துவோமா, விடுவோமா என்று யோசித்தபடி சும்மா விரலை வைத்தேன். விரல் கொஞ்சம் வழுக்கியது. அவ்வளவுதான், ராணி போய் ஒரு குதிரையின் வாய்க்குள் உட்கார்ந்துவிட்டது. உடனே அந்தச் சனியன் பிடித்த செயலி சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டுக் காட்டியது. ஆடிய பிறகு பிழை சொல்ல எல்லோரும் வருவார்கள் போலிருக்கிறது, இயந்திரம் உட்பட.

"என்னப்பா, திரும்பவும் தோத்திட்டியளோ? உந்தப் போனை வைச்சிட்டுச் சாப்பிட வாங்கோ" என்று மனைவி குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தாள். நான் தோற்றது அவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. மூச்சு விடுகிற விதத்திலேயே தெரியுமாம்.

மீன்குழம்பின் வாசம் வந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சாப்பாட்டின் நினைவு வரவில்லை, செஸ் காய்களின் நினைவுதான் வந்தது. சிரிக்காதீர்கள். நான் இளந்தாரியாக இருந்தபோது விளையாடிய காய்களுக்கு உண்மையிலேயே அந்த வாசம்தான்.

நான் முதல்முதலாக வேலைக்குப் போனது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், கொப்பியும் பென்சிலும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த கட்டட வரைபடக் கந்தோருக்கு. சண்டை ஓய்ந்து, சனம் உடைந்த வீடுகளைத் திருப்பிக் கட்டத் தொடங்கியிருந்த காலம். காலையிலிருந்து குசினியும் கிணறும் மதிலுமாகப் படம் கீறித் தள்ளுவோம். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை மூடியதும், கை கழுவினோமோ இல்லையோ, கீறுகிற மேசையின் ஓரத்தில் செஸ் பலகை விரிந்துவிடும். வெள்ளைக் காய்கள் எல்லாம் மஞ்சள் ஏறி வெள்ளை என்று சொல்ல முடியாத நிறத்தில் இருந்தன. கறுப்புக் கோட்டை ஒன்று தொலைந்துபோய் அதன் இடத்தில் ஓர் அழிறப்பர் நின்றது. அந்த அழிறப்பரிடம் நான் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன்.

எங்கள் கந்தோருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. காயைத் தூக்கி நினைத்த கட்டத்தில் வைக்கலாம். அதன் தலையிலிருந்து விரலை மட்டும் எடுக்கக்கூடாது. விரல் இருக்கும்வரை அது ஆட்டமே அல்ல. அப்படி வைத்தபடி பலகையைச் சுற்றிப் பார்த்து, ஆபத்து என்று கண்டால் காயைத் திருப்பிப் பழைய இடத்தில் விட்டுவிட்டு வேறு காயை எடுக்கலாம். வெளியே யாரும் இப்படி ஆடுவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் தொழில் அப்படி. மையால் கீற முதல் பென்சிலால் மெல்லக் கீறிப் பார்ப்போம். கதவு சுவரில் இடிக்குமா, படி வாசலுக்குள் வருமா என்று பார்த்து, சரி என்றால்தான் மை. விரல் வைத்த காய் எங்களுக்குப் பென்சில் கோடு.

மூன்று பேர்தான் விளையாடுவோம். நான், குகன், ஜெசிந்தா. குகன் எங்களில் மூத்தவன், வாய் கொஞ்சம் பெரிது, பலகையைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் ஆடுவான். ஜெசிந்தா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடற்தொழில். கந்தோரில் அவளுடைய கோடுதான் சுத்தமான கோடு.

அந்த விரல் சட்டத்தை அவளைப்போல் அனுபவித்தவர் யாருமில்லை. காயை வைப்பாள். சுட்டுவிரல் அதன் தலையில் நிற்கும். பிறகு வாய்க்குள் ஒரு செபம் தொடங்கும்.

"குதிரை எங்கை பாக்குது... பிஷப் எங்கை பாக்குது... கோட்டை எங்கை பாக்குது..."

எதிராளியின் காய் ஒவ்வொன்றையும் கேட்டு முடித்த பிறகு இன்னொரு கேள்வி வரும். "நான் எழும்பின இடத்திலை என்ன ஓட்டை?" போகிற இடத்தைப் பார்க்க எல்லோருக்கும் தெரியும். விட்டுவிட்டு வந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிற ஆளை நான் அவளுக்குப் பிறகு காணவில்லை.

அதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு வந்தது எரிச்சல்தான். சாப்பாட்டு நேரம் முடியப்போகும், வெயில் யன்னலால் ஏறி முதுகைச் சுடும், இவள் விரலை எடுக்கமாட்டாள்.

"நீர் விரலை எடுப்பீரோ, இல்லை நான் கொக்குவிலுக்குப் போய்க் குளிச்சிட்டு வரட்டோ?" என்பேன்.

"பொறுங்கோ அண்ணை. வைச்சாப் பிறகு பாத்து என்ன?"

ஒருநாள் விரல் பிஷப்பின் மேல் இருக்கும்போது முதலாளி உள்ளே கூப்பிட்டார். அவள் எழும்பவும் வேண்டும், விரலை எடுக்கவும் கூடாது. "அண்ணை, என்ரை விரலுக்குப் பதிலா உங்கடை விரலை வையுங்கோ" என்றாள். வைத்தேன். அவளோடு விளையாடிக்கொண்டிருந்தவன் நான்தான். என்னை வெட்ட வந்த பிஷப்பின் தலையை நானே பிடித்துக்கொண்டு, அவள் திரும்பி வரும்வரை மடையன்மாதிரி இருந்தேன். வந்து, பார்த்து, "ஓம், சரி, எடுங்கோ" என்றாள். எடுத்தேன். அடுத்த நகர்த்தலில் என் கோட்டை போயிற்று.

அந்த வருடம் அவளுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை பொருந்திவிட்டது. விசா அலுவல்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துப் பண்டத்தரிப்பில் ஒரு விளையாட்டுக் கழகம் செஸ் போட்டி வைப்பதாகக் கேள்விப்பட்டோம். அணிக்கு மூன்று பேர். குகன் தன் மச்சானை மூன்றாவது ஆளாகக் கொண்டுவர நினைத்திருந்தான். ஜெசிந்தா விடவில்லை.

"நான் இந்தக் கந்தோர் இல்லையோ? நானும் வாறன். ஒரே ஒரு ஆட்டம், ஆக்கள் பாக்க வெண்டுபோட்டுத்தான் போகோணும். அங்கை போனா ஆர் என்னைக் கண்டது?"

"நீர் விரல் எடுக்க முதல் போட்டியே முடிஞ்சிடும்" என்றான் குகன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது விளையாட்டுக்குச் சொன்ன சொல் அல்ல. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வெளியே வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் தகப்பனும் வந்திருந்தார். வெள்ளைச் சேட்டு, புதிதாக மடிப்புக் குலையாமல். செஸ்ஸில் ஒரு காயின் பெயரும் தெரியாது அவருக்கு. சுவரோரம் போட்டிருந்த வாங்கில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. மகளுக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தொட்ட காயைத்தான் ஆடவேண்டும் என்று மத்தியஸ்தர் தொடக்கத்திலேயே சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். நான் அவளைப் பார்த்தேன்.

"ஓம் ஓம், ஞாபகம் இருக்கு" என்றாள்.

இருந்ததுதான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து வலது கையை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டுமே பார்த்துப் பார்த்து ஆடினாள். நான் வழக்கம்போல அவசரப்பட்டுத் தோற்றுவிட்டு வந்து அவள் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். எதிரே அந்த ஊர்க் கணித ஆசிரியர், அமைதியான மனுசன். அவருக்கு ஒரு கோட்டை குறைவு. மற்ற ஆட்டங்கள் முடிந்து வந்தவர்கள் எல்லாம் மெல்ல மெல்ல இந்தப் பலகையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "தம்பி, பிள்ளை வெல்லுறாளோ?" என்று தகப்பன் என் காதுக்குள் கேட்டார். "ஓம் ஐயா, வெண்டிட்டா எண்டே வையுங்கோ" என்றேன்.

அப்போதுதான் அவள் கை மடியிலிருந்து எழும்பியது. ராணியைத் தூக்கி அவருடைய ராசாவுக்குக் கிட்டவாக, செக் இல்லாத ஒரு கட்டத்தில் வைத்தாள். அடுத்த நகர்த்தலில் மேட் என்ற மிரட்டல். சுட்டுவிரல் ராணியின் தலையில் நின்றது. அவளுடைய உதடு அசைந்தது. குதிரை எங்கை பாக்குது, பிஷப் எங்கை பாக்குது. பிறகு அந்தக் கடைசிக் கேள்வி. ராணி எழும்பியதால் அவளுடைய கடைசி வரிசைக்குக் காவல் இல்லை. அவருடைய கோட்டை ஒரே ஓட்டமாக இறங்கினால் மேட் அவளுக்குத்தான். கண்டுவிட்டாள். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். ராணியைத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ராசாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். ராசாவுக்கு மூச்சுவிட ஒரு யன்னல் திறந்தது. அதைவிடச் சரியான ஆட்டம் அந்த இடத்தில் இல்லை.

சுற்றி நின்ற எல்லோரும் மத்தியஸ்தரைப் பார்த்தார்கள். அவள்தான் கடைசியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளை, ராணியைத் தொட்டிட்டீர். ராணியைத்தான் ஆடோணும்" என்றார் மத்தியஸ்தர்.

"சேர், நான் ஒண்டும் கேக்கேல்லை. அவ ஆடினபடி இருக்கட்டும்" என்றார் ஆசிரியர்.

"நீங்கள் கேக்காட்டிலும் நான் கண்டிட்டன்."

குகன் பாய்ந்தான். "எங்கடை கந்தோரிலை விரல் எடுத்தாத்தான் கணக்கு!"

"அப்ப உங்கடை கந்தோரிலை போட்டி வையுங்கோ."

சிலர் சிரித்தார்கள். ஜெசிந்தாவின் காது சிவந்து போயிற்று. "குகன் அண்ணை, சும்மா இருங்கோ" என்றாள். பிறகு ஆசிரியரைப் பார்த்து, "இல்லை சேர், நான் தொட்டனான்" என்றாள்.

காவலை விடாமல் ராணி போகக்கூடிய கட்டம் எல்லாவற்றையும் அவருடைய குதிரையும் சிப்பாய்களும் பார்த்துக்கொண்டிருந்தன. செக் சொல்ல ஓர் இடமும் இல்லை. அவள் சிப்பாயைத் தன் கையாலேயே பின்னுக்கு இழுத்தாள். ராணியை எடுத்து முதல் வைத்த அதே கட்டத்தில் வைத்தாள். விரலை உடனே எடுத்தாள். ஆசிரியர் கோட்டையை இறக்கி, யாருக்கும் கேட்காத குரலில் "மேட்" என்றார்.

"முடிஞ்சுதோ? ஏன் மோனை எழும்பிறாய்? உன்னட்டைத்தானே கனக்கக் காய் நிக்குது" என்றார் தகப்பன்.

அவள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

விதி சரி. மத்தியஸ்தரும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். யாராவது ஒருவர் அநியாயம் செய்திருந்தால் இத்தனை வருடமாக அவரைத் திட்டியாவது மனதை ஆற்றியிருப்பேன். விதி அவளுக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. கவனமில்லாமல் ஆடித் தோற்றவர்களை நான் கண்டிருக்கிறேன், நானே அந்தச் சாதிதான். பார்த்ததற்காகத் தோற்றவளை அன்றைக்குத்தான் கண்டேன். கண்டதையெல்லாம் சரியாகக் கண்டு, கடைசியில் சரியான காயைத் தள்ளியும் தோற்றவள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவளே பலகையை விரித்தாள். கை மடியில். கண்ணால் பார்த்து, தூக்கி, வைத்து, எடுத்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை. குகனை அடித்து நொறுக்கினாள், பிறகு என்னை. போட்டிக்கு வேண்டிய கை அவளுக்கு அந்த ஒரு சனி ஞாயிறில் வந்திருந்தது. போட்டிதான் இல்லை. கொஞ்ச நாளில் விசா வந்தது, போய்விட்டாள்.

அதன்பிறகு கந்தோரில் கணினிகள் வந்தன. கணினியில் கீறுவதற்குப் பென்சில் கோடு எதற்கு? பிழைத்தால் ஒரு தட்டு, கோடு காணாமல் போய்விடும். குகன் கனடாவுக்குப் போனான். முதலாளி காலமானார். கொப்பிக் கடைக்கு மேலே இப்போது கைபேசி திருத்துகிறார்கள்.

போன வருடம் ஜெசிந்தா தன் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தாள். இறந்துபோன தகப்பனின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக. திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் எதிர்பாராமல் கண்டேன். பிள்ளைகள் வெயில் தாங்காமல் சிணுங்கிக்கொண்டு நின்றார்கள். கதைத்துக் கதைத்து, போகிற நேரத்தில் நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"போக முதல் ஒரு ஆட்டம் போடுவமே? வீட்டை வாரும், பலகை வாங்கி வைக்கிறன்."

அவள் சிரித்தாள்.

"வெண்டாலும் ஆர் அண்ணை பாக்கிறது?"

நான் பார்க்கிறேன்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் எதிரே இருந்து தோற்க வேண்டிய ஆள். அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு காயின் பெயரும் தெரியாமல் நிற்பதற்கு இன்னொருவர் வேண்டும்.