சிஸ்டர் தூங்கிக்கொண்டிருக்கிறார்

மற்ற தொழில்களில் வேலை இல்லாதவரைத் தேடிப்பிடித்து வேலை கொடுப்பார்கள்; மருத்துவமனைகளுக்கு நர்ஸ் பிடித்துத் தரும் எங்கள் தொழிலில், வேலையில் கழுத்துவரை மூழ்கியிருப்பவரைத் தேடிப்போய் இன்னொரு வேலையை நீட்டுகிறோம். இதையே செய்துவரும் சக துயரர்களே, நீங்கள் வாங்கிய திட்டுகளை நானும் வாங்கியிருக்கிறேன். என் பங்கில் பெரும்பகுதி ஒரே ஒருவரிடம் வாங்கியது. அவர் பெயர் எஸ்தர். சித்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். நான் இருப்பது திருப்பதியில். இங்கே ஒரு மருத்துவமனை அப்படியொரு வார்டைப் புதிதாகத் திறக்க இருந்தது. அதை ஏற்று நடத்த ஒரு சிஸ்டர் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தார்கள்.

நாகரிகமான நேரம்

ஒருவரைத் தொலைபேசியில் அழைக்க நாகரிகமான நேரம் காலை பத்து மணி என்று நான் நம்பிவந்தேன். எட்டு மணி அவசரம், பன்னிரண்டு மணி பசி, பத்து மணிதான் மனிதன் நிதானமாக இருக்கும் வேளை. பள்ளி விடுமுறையான ஒரு இரண்டாவது சனிக்கிழமை சரியாகப் பத்துக்கு எஸ்தரின் எண்ணை அழைத்தேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். பெயர் ஜெனி, நாலாம் வகுப்பு என்று கேட்காமலே சொன்னாள். எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே சொன்னாள். என் குரல் எனக்கே ஊர்வலத்து மைக் போலக் கேட்டது.

வேலை விஷயம், முக்கியம், அம்மாவிடம் கொடு என்றேன். போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அம்மாவை எழுப்பத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்துக் குரலைச் சரிசெய்துகொண்டேன். அவள் போனது கதவைச் சாத்த. திரும்பி வந்து சொன்னாள்: "அம்மா நைட் டூட்டி முடிச்சிட்டு இப்பதான் தூங்குது. உங்களுக்கு நடுராத்திரில போன் பண்ணா எடுப்பீங்களா?"

வார்டு தொலைபேசி

சரி, விழித்திருக்கும் இடத்திலேயே பிடிப்போம் என்று அடுத்த வாரம் அவருடைய வார்டுக்கே அழைத்தேன். எடுத்தவரிடம், திருப்பதியிலிருந்து பேசுகிறேன், எஸ்தர் சிஸ்டரிடம் ஒரு வேலை விஷயமாகப் பேச வேண்டும் என்று முழு முகவரியுடன் சொன்னேன். தொலைபேசியில் தன்னை ஒழுங்காக அறிமுகப்படுத்திக்கொள்ளாதவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அந்த ஒழுங்குக்கான விலையை எஸ்தர் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அவர் வேலையை விடப்போகிறார் என்ற செய்தி மூன்று மாடிகளுக்கும் போய்விட்டது. அவருடைய மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். இல்லை என்று எஸ்தர் மூன்று நாள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் அவரே என்னை அழைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சார், நான் வேலைய விடறேன்னு எனக்கே தெரியாது. எங்க வார்டு ஆயாம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது."

இருபத்துமூன்று வரிகள்

பிராயச்சித்தமாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். என் சகா ரமணா, இதை ஆறு வரிக்கு மேல் நீட்டாதீர்கள் என்றான். நான் இருபத்துமூன்று வரிகள் எழுதினேன். அதில் உலகத்தரம் இருந்தது, குடும்பம் போன்ற சூழல் இருந்தது, வளர்ச்சிக்கான வாய்ப்பு இரண்டு இடங்களில் இருந்தது. காற்புள்ளிகளை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, இன்னொன்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "சார், எல்லாம் எழுதிக்கீறீங்க. ஒரு நர்ஸுக்கு எத்தினி குழந்தைன்னு மட்டும் எழுதல."

ஆராதனை முடிந்து அரை மணி

எனக்கு அது தெரியாது. பதினெட்டு வருடம் நர்ஸ்களுக்கு வேலை தேடித் தந்தவனுக்கு அதைக் கேட்கவே தோன்றியதில்லை. அதை ஒப்புக்கொண்டு பதில் போட்டேன், ஒரே வரியில். அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் எஸ்தர் என்னைப் பார்க்கச் சம்மதித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஜெனிக்கு ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அரை மணி நேரம். இடம் சர்ச் வாசல் வேப்பமரம்.

கணவர் டேவிட்டும் கூட நின்றார். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கல். சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிச் சித்தூர் வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறவர். எஸ்தருக்கு நைட் டூட்டி என்றால் ஜெனி பெரியம்மா வீட்டில் படுப்பாள். வாரத்தில் மூவரும் சேர்ந்து சாப்பிடுவது அதிகம் போனால் இரண்டு வேளை. திருப்பதியில் குடியிருந்தால் டேவிட்டின் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும், மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். என் இருபத்துமூன்று வரிகளில் இது எங்கும் இல்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் தயக்கம் என்று கேட்டேன். டேவிட் மரத்தைப் பார்த்தார். எஸ்தர்தான் சொன்னார். முன்பு வேறொரு மருத்துவமனையில் ஓரிரவு பன்னிரண்டு குழந்தைகளுக்கு அவர் ஒருவர். ஒன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு தொட்டில் தள்ளி இன்னொன்று நீலம் பாரித்துக் கிடந்ததைத் தற்செயலாகத் திரும்பித்தான் பார்த்தாராம். "குழந்தை பிழைச்சிடுச்சு சார். எனக்குத்தான் ஒரு மாசம் கண்ணைமூட முடியல."

பகல் கணக்கு, இரவுக் கணக்கு

திருப்பதி மருத்துவமனையில் கேட்டேன். நிர்வாகத்து இளைஞர் வழவழப்பான ஒரு கையேட்டைக் கொடுத்தார். அதில் நீரூற்றின் படம் இருந்தது. நர்ஸிங் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனேன். தெலுங்குக்காரர், ஓய்வுபெறும் வயதை எட்டியவர். அவர் மேஜையிலிருந்து புது வார்டுக்குப் போட்டுவைத்த டூட்டி அட்டவணையையே எடுத்து நீட்டினார். பகலில் நான்கு குழந்தைக்கு ஒரு நர்ஸ், இரவில் எட்டுக்கு ஒருவர்.

பகல் கணக்கை மட்டும் சொல்லுங்கள், அது பொய் ஆகாது என்றான் ரமணா. பொய்க்கும் பாதி உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்கு நீளமாக விளக்கினேன். விளக்கி முடிக்கும்வரை நானும் அதைத்தான் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சாயங்காலம் நான்கு மணிக்கு (இந்த நேரத்தை அதற்குள் கற்றிருந்தேன்) எஸ்தரை அழைத்து இரண்டு கணக்கையும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் மூன்று விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசினார். "ராத்திரியும் நாலுன்னா வரேன் சார். எட்டுன்னா, அவரு வாரவாரம் வந்துக்கினே இருக்கட்டும்."

மூடிய கதவு

இதை அப்படியே போய்ச் சொன்னேன். நிர்வாகத்து இளைஞருக்குப் பிடிக்கவில்லை, வேறு ஆள் பாருங்கள் என்றார். கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டுப் பேரை நேர்காணல் செய்தாயிற்று, எல்லோரும் விடுப்பையும் குவார்ட்டர்ஸையும் கேட்டார்கள், அதில் தப்பில்லை, ஆனால் குழந்தைகளை எண்ணியவள் இவள் ஒருத்திதான் என்றார். பிறகு இயக்குநர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம். நான் நீரூற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது ஓடவில்லை.

வெளியே வந்தவர் அட்டவணையை என் கையில் திணித்தார். இரவு என்ற கட்டத்தில் எட்டை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் இயக்குநரின் கையெழுத்து இருந்தது. அதற்காகக் கூடுதலாக இரண்டு நர்ஸ்கள் தேவை, அவர்களையும் நீங்களே பிடித்துத் தாருங்கள் என்றார். உண்மை பேசியதற்கு எனக்குக் கிடைத்தது இன்னும் இரண்டு காலியிடங்கள். படியிறங்கும்போது அவர் குரல் பின்னால் வந்தது: "ஈ அம்மாயே நாக்கு காவாலி. இந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும்னு சொல்லுங்க அவகிட்ட."

நாலு மணி

எஸ்தர் வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த இரண்டு இடங்களில் ஒன்று இன்னும் காலி. அவருக்குத் தெரிந்த யாராவது இருப்பார்களா என்று கேட்கப் போன வாரம் அழைத்தேன். சனிக்கிழமை, சாயங்காலம் சரியாக நான்கு மணி, என் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லாத நேரம். எடுத்தது ஜெனி. அதே கிசுகிசுப்பு. டூட்டி மாறிவிட்டதாம், நேற்று இரவு முழுக்க வேலை, மத்தியானம்தான் அம்மா படுத்ததாம்.

மன்னிப்புக் கேட்டேன். பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. ஓர் ஆண்குரல் மெல்லச் சபித்துவிட்டு உடனே தன்னை அடக்கிக்கொண்டது. நைனாவா என்று கேட்டேன், என்னை அறியாமல் நானும் கிசுகிசுத்து. ஜெனி பெருமையை அடக்க முடியாமல் சொன்னாள்: "ஆமா, டெய்லி இங்கதான் கீறாரு. இப்ப சோறு ஆக்கிக்கினு கீறாரு, சத்தம் போடாம ஆக்கத் தெரியல."

நர்ஸ்களை வேலைக்கு அழைப்பது எப்படி என்று இத்தனை வருடத்தில் நான் திட்டவட்டமாகக் கற்றது, எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்களைத் தூங்க விட வேண்டும் என்பது ஒன்றுதான், அதையும் இன்னும் சரியாகச் செய்யத் தெரியவில்லை.